முன்னாள் ஆளுநரின் சம்மதம்

முன்னாள் ஆளுநர்களின் கணினி உருவங்கள் பார்வையாளர்களோடு பேசும் அருங்காட்சியகக் கூடத்தை மூடும் நேரம். காவலாளி தெய்வானைக்குக் கால் கடுத்தது. நரைத்த தலையோடு ஒரு பெண்மணி மட்டும் ஓர் ஆளுநரின் உருவத்தின் முன்னால் நின்றிருந்தார்.

"அப்பா, நான் மிருணாளினி. எங்க கல்யாணத்துக்கு இப்பவாவது சம்மதம்னு சொல்லுங்கப்பா. அவருக்கு உடம்பு ரொம்ப முடியல. ஆஸ்பத்திரியில இதையே கேட்டுக்கிட்டிருக்கார்."

உருவம் கனிவாகப் புன்னகைத்தது. "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது."

தெய்வானைக்குச் சங்கடமாகிவிட்டது. "மனசுல வெச்சுக்காதீங்கம்மா. அவர் ஆபீஸ்ல பேசினதை மட்டும் வெச்சு இதைச் செஞ்சிருக்காங்க. வீட்டுல பேசின அப்பா இதுல இல்ல."

மிருணாளினி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இல்லம்மா. சாகுற வரைக்கும் வீட்டுலயும் இதையேதான் சொன்னார்."