துரையின் சொந்த பாஷை

தேன் கிண்ணம் அரை அடி நகர்ந்ததைக் கந்தவேல் தன் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டான்.

நகர்த்தியது பட்லர் பொன்னன். நகர்ந்தது மணியன் பக்கமாக.

"மியோ! இது எந்த லத்தீன் சொல்லின் பிள்ளை?" என்று துரை கேட்டு வாய் மூடவில்லை.

"மெல்! தேனுங்க துரை!" என்றான் மணியன்.

"சபாஷ்!" என்று துரை மேசையைத் தட்டினார்.

யுத்தத்துக்கு முந்தின காலம். சூரமங்கலத்தில் கம்பெனி நடத்திய அந்தத் துரைக்குக் குடி கிடையாது, வேட்டை கிடையாது. லத்தீன் பைத்தியம் மட்டும் முற்றியிருந்தது.

"லத்தீனை இத்தாலிக்காரன் ஒரு தினுசாகக் கெடுத்தான். பிரெஞ்சுக்காரன் வேறு தினுசாகக் கெடுத்தான். நான் மட்டும் இளைத்தவனா?" என்று சொந்தமாகவே ஒரு பாஷையை உண்டாக்கி வைத்திருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் டீ மேசையில் அந்த பாஷையில் ஒரு சொல்லைச் சொல்வார். அதன் லத்தீன் மூலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கென்றே காலேஜில் லத்தீன் படித்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்துக் குமாஸ்தாவாக வைத்திருந்தார். ஒருவன் கந்தவேல், இன்னொருவன் மணியன்.

இரண்டு வருஷமாக ஜெயித்ததெல்லாம் கந்தவேல்தான். சொல் காதில் விழுந்ததும் மேசையை ஒரு பார்வை பார்ப்பான். பளிச்சென்று உதித்துவிடும். 'சௌ'வா? உப்பு, சால். 'பேங்'கா? ரொட்டி, பானிஸ். தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமை தாங்காது.

அடுத்த மாதம் துரை சீமைக்குப் போகிறார். போவதற்குள் இந்த இருவரில் ஒருவனை ஹெட் கிளார்க் ஆக்கிவிட்டுப் போவதாகப் பேச்சு. இந்த நேரத்தில் மணியன் ஜெயிப்பதாவது! அதுவும் பட்லர் தயவில்!

மணியன் போனதும் கந்தவேல் தயங்கி நின்றான்.

"கோள் சொல்றதா நினைக்கக் கூடாதுங்க துரை. நியாயம்னு ஒண்ணு இருக்குதுங்களே..."

கேட்கக் கேட்கத் துரையின் முகம் சிவந்தது. திருடியிருந்தால்கூட மன்னித்திருப்பார். ஆட்டத்தில் கள்ளம் அவருக்கு ஆகாது.

"பொன்னா! நீ காட்டிக் கொடுத்தாயா?"

"ஆமாங்க துரை."

"எத்தனை நாளாக?"

பொன்னன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இதைக் கேக்கணுங்களா துரை? ரொம்ப நாளாவே நடந்திருக்கும்" என்றான் கந்தவேல்.

பதினேழு வருஷம் அந்த பங்களாவில் இருந்தவன் அன்று பொழுது சாயுமுன் மூட்டையைக் கட்டினான். மணியன் அந்த மாதமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஆட்டையாம்பட்டிக்குப் போய்விட்டான். கந்தவேல் ஹெட் கிளார்க் ஆனான். அடுத்து வந்த துரைக்கு டென்னிஸ்தான் பிடிக்கும். லத்தீன் அந்த பங்களாவை விட்டே போயிற்று.

ஒரு வருஷம் கழித்து, அயோத்தியாப்பட்டணத்தில் ஆத்தூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தான் கந்தவேல். காப்பிக் கடைக்குப் பின்னால் ஒருவன் விறகு பிளந்துகொண்டிருந்தான். பார்த்த முகமாக இருந்தது.

பொன்னன்! வெள்ளை உடுப்பும் தலைப்பாகையுமாக நின்றவன், இடுப்பில் ஒரு துண்டோடு நின்றான். ஹெட் கிளார்க் நாற்காலியில் ஒருநாள்கூடக் கந்தவேல் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. இப்போது நிற்கவும் முடியவில்லை.

"சாமி! நல்லா இருக்கீங்களா? ஊட்டுல அம்மணி சொகங்களா?" பொன்னன்தான் முதலில் பேசினான்.

"எம்மேல கோவமில்லியா பொன்னா?"

"கோவமென்னங்க? நீங்களும் புள்ளகுட்டிக்காரரு."

அதோடு விட்டிருக்கலாம். ஹெட் கிளார்க் புத்தி விடவில்லை.

"இருந்தாலும் நீ செஞ்சது தப்புத்தானே? உனக்கு லத்தீன் எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கு ஏதுங்க லத்தீனு? காலைல துரை தேனத் தொட்டு 'மியோ'ம்பாரு, உப்பத் தொட்டு 'சௌ'ம்பாரு. சாயங்காலம் அதையே உங்ககிட்டக் கேப்பாரு. அந்தச் சாமானத் தள்ளி வெக்கறதுக்கு லத்தீனு எதுக்குங்க?"

"அந்த மணியனுக்காக உன் பொழப்பையே கெடுத்துக்கிட்டியே! அவன் உனக்கு என்ன ஒறவா?"

"ஒறவெல்லாம் இல்லீங்க. அன்னிக்கு அவரு கொழந்தைக்குச் சொரம். மொகத்தப் பாக்க முடியல. போகட்டும், மனசுக்கு ஒரு தெம்பா இருக்கும்னு அவரு பக்கம் வெச்சேன். அந்த ஒருநாள்தானுங்க."

"ஒருநாளா? அப்ப மத்த நாளெல்லாம்?"

பொன்னன் கோடாலியைக் கீழே வைத்தான். சாமி ஏதோ வேடிக்கையாகக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்தான்.

"என்னங்க சாமி, தெரியாத மாதிரி கேக்கறீங்க? ரெண்டு வருசமா உங்க முன்னாலதானே தள்ளி வெச்சேன்? எத்தன நாளான்னு துரை கேட்டப்ப, உங்க வேலையும் போயிரக் கூடாதுன்னுதானுங்க நான் வாயே தொறக்கல!"