மூன்று மாதக் களி

தட்டிலிருந்த ஜாங்கிரியைக் கன்னியப்பன் எடுப்பதற்குள் அம்சவல்லி பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் கொடுத்த பெட்டியில் வந்தது அது. ஆறில் நாலு அதற்குள் அவள் வயிற்றுக்குப் போயிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு குடேன்டி. கம்பெனில எனக்குக் குடுத்தது."

"சக்கர வியாதிக்காரனுக்கு ஜாங்கிரி கேக்குதா? மூடிக்கினு களிய முழுங்கு."

"வியாதின்னு எவன் சொன்னான்? பார்டர்ல கீதுன்னுதான டாக்டர் சொன்னாரு."

"எங்க பெரியப்பனும் இப்டித்தான் பார்டரு பார்டருன்னு சொல்லிக்கினு திரிஞ்சாரு. கால எடுத்தப்புறம் எங்க திரியறது?"

கன்னியப்பன் இளித்தான். நாக்கை அடக்கத் துப்பில்லாதவர்களுக்கு இந்த இளிப்பு மட்டும் எங்கிருந்துதான் வருமோ. கத்திக் கத்தி அம்சவல்லிக்குத் தொண்டை வறண்டது. ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு இன்னொரு சொம்பு மொண்டாள். இவனோடு மல்லுக்கட்டி மூன்று மாதமாக இதே பாடுதான்.

ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் புதிதாக வந்த கம்பெனியில் அவன் டெம்பரவரி. பர்மனென்ட் ஆக்குவதற்கு முன்னால் எல்லோரையும் சிறுநீர் கொண்டுவரச் சொல்லி டாக்டர் சோதித்தார். சர்க்கரை இல்லாவிட்டால் நீலமாகவே நிற்க வேண்டிய மருந்து, இவன் கொடுத்ததை ஊற்றிக் காய்ச்சியதும் பச்சையாகிவிட்டது. மருந்து மாத்திரை வேண்டாம், வாயைக் கட்டினால் போதும், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்துச் சரியாக இருந்தால்தான் பர்மனென்ட் என்று சொல்லிவிட்டார்.

அம்சவல்லிக்கு அப்போது இருபது நாள் தள்ளிப்போயிருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து லேபில் கொடுக்கச் சொல்லி அவன் கம்பெனிக்குப் பாட்டில் எடுத்துப்போன அன்று காலை தன் பாட்டிலையும் அவனிடமே கொடுத்தனுப்பினாள். "ஒண்ணும் இல்லியாம்" என்று சாயந்தரம் வந்து சொன்னான். அடுத்த வாரமே அவளுக்கும் அது தெரிந்துபோயிற்று. கல்யாணமாகி நாலு வருஷமாக ஏமாந்து ஏமாந்து பழகியவள், ஒரு நாள் அழுதாள். பிறகு, இருக்கிற புருஷனையாவது காலோடு வைத்துக்கொள்வோம் என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள்.

அவனுக்குக் கேழ்வரகுக் களி, பாகற்காய். சமைத்த அரிசிச் சோறு வீணாகக் கூடாதென்று அவன் பங்கும் அவளுக்கு. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி கொடுத்தனுப்புகிற பாயசத்தை வைத்திருந்தால் திருடிக் குடிப்பான் என்று அதையும் அவளே குடித்துத் தீர்த்தாள். அவன் காபிக்கு நிறுத்திய சர்க்கரைகூட அவள் டம்ளருக்குத்தான் போனது.

அவனோ ஒரு நாளாவது பயந்தானா? "நாள் பூரா லைன்ல நிக்கறவன் ஒடம்புல சக்கர எங்கடி தங்கும்?" என்று கேலி பேசிக்கொண்டே களியை உருட்டினான். பொறுப்பத்த ஜென்மம் என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

"நேத்து திரும்ப டெஸ்ட் எடுத்தாங்க" என்றான் இப்போது, சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தபடி. "சுத்த நீலம். பர்மனென்ட் ஆர்டரும் இன்னிக்குக் குடுத்துட்டாங்க."

அம்சவல்லிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

"பாத்தியா. யாரால? உன் வாயாலயா, என் களியாலயா?"

"சரி, உன் களியாலதான். அந்த ஜாங்கிரிய இப்டித் தள்ளு."

"நல்லா கீது கத. வுட்டா மறுபடி ஏறிடும். இன்னும் ஆறு மாசம் களிதான்." பெட்டியில் மிச்சமிருந்த ஒன்றையும் எடுத்து, வெற்றி பெற்றவளாக ஒரு கடி கடித்தாள்.

"ஆறு மாசமா?" கன்னியப்பன் களித் தட்டைத் தள்ளிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். "இன்னும் ஒரு வேளகூட என்னால ஆவாது. ஆர்டரு கைக்கு வந்துடுச்சி, இனிமே சொன்னா இன்னா. மொத டெஸ்டுக்கு முந்தின நாளு, லைன்ல கூட நிக்கற கோதண்டத்தோட தண்ணி போட்டிருந்தேன். ஒண்ணுக்க பாத்தே டாக்டரு குடிச்சத கண்டுபுட்சிடுவாரு, வேல போயிடும்னு அவன் பயமுறுத்திட்டான்."

"அதுக்கு இன்னா பண்ண?" என்றாள் அவள், வாய் நிறைய ஜாங்கிரியோடு.

"லேபுக்குன்னு நீ குடுத்த பாட்டில டாக்டராண்ட குடுத்துட்டேன்."