லாடக்கால் எழுத்து

முதலில் அது மில் முதலாளிக்குப் பிறந்தநாள் வாழ்த்து அச்சிட்டது. அடுத்து அவருடைய சாராயக்கடைத் திறப்பு விழா. மூன்றாவதாக, ‘வேலைநிறுத்தம் முடிந்தது, வேலைக்குத் திரும்புங்கள்’ என்ற பொய்.

தலையில் சுருளும் காலில் தடித்த கட்டையுமாக இருந்ததால் அச்சகத்தில் அந்த எழுத்துக்கு லாடக்கால் என்று பெயர். அதன் பகட்டை நம்பித் தொழிலாளிகள் திரும்பினார்கள். மில் வாசலில் தனியாக நின்று அவர்களை மறித்தவரை முதலாளியின் அடியாட்கள் அடித்தே கொன்றார்கள்.

அவருடைய இரங்கல் சுவரொட்டிக்கு அச்சகத்தில் இருந்த பெரிய எழுத்து லாடக்கால் ஒன்றுதான். அச்சுக் கோப்பவர் எடுக்க வந்தபோது அது எழுத்துப் பெட்டியின் மூலையில் ஒட்டிக்கொண்டது.

“என்னை விட்டுடுங்கண்ணே. இந்தச் சுருளோட அவர் பேருக்கு எப்படி நிப்பேன்?”

“பொய்க்கு மட்டும் ஜோரா நின்னியே?” என்றது, துண்டறிக்கை அச்சிட்டே தேய்ந்த பொடி எழுத்து.

“நாம இடவலம் மாறி நிக்கிறவங்க. என்ன அச்சாகுதுன்னு எனக்கென்ன தெரியும்?”

“நானும் அப்படித்தான் நிக்கிறேன். பிழை பார்க்கிறவர் சத்தமாத்தானே படிக்கிறார்?”

அந்தப் பொய் அச்சான அன்றும் அவர் சத்தமாகத்தான் படித்தார். லாடக்கால் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

தலைகுனிந்து போய் வரிசையில் நின்றது. மை பூசினார்கள். முதல் தாளை எடுத்து, எல்லாப் பெட்டிகளும் கேட்க, பிழை பார்க்கிறவர் படித்தார்:

“மூக்கையா.”