எல்லாம் பச்சை

"இன்னும் சிவப்போ?"

கதவைத் திறந்ததும் திறக்காததுமாகக் கத்தினார் மேலாளர் சிவராசா.

விஜயலெட்சுமி எழுந்து நின்றாள். "ஆமாங்க சேர்."

பதுளை பஸாரில், ஒரு புடவைக் கடைக்கு மேலே அந்த அலுவலகம். தோட்டத்து டிஸ்பென்சரிகளுக்கு நோயாளர் பதிவு மென்பொருள் செய்கிறார்கள். நிரலில் யார் ஒரு வரி மாற்றினாலும் அதை விண்டோஸ், மேக், லினக்ஸ் என்ற மூன்று இயங்குதளங்களிலும் தானாகவே ஓட்டிப் பார்க்கும் ஏற்பாட்டை அமைத்தவள் விஜயலெட்சுமி. எல்லாம் பச்சை காட்டினால்தான் மென்பொருள் வெளியே போகும். நான்கு நாளாக லினக்ஸ் மட்டும் சிவப்பு.

"நாளைக்கு வெளிநாட்டு ஆக்கள் பார்க்க வருகினம். உம்மட சோதனையாலதான் எல்லாம் நிக்குது, விளங்குதா?"

"சோதனை சரியாத்தான் சொல்லுது சேர். லினக்ஸ்ல ஒவ்வாமைப் பட்டியல் தொறக்கல. பெனிசிலின் ஒத்துக்காத ஆளுக்கும் எச்சரிக்கை வராது. ஊசி போட்டுருவாங்க."

"உலகத்தில எத்தினை பேர் லினக்ஸ் பாவிக்கினம்?"

"உலகம் தெரியாது சேர். மடுல்சீமைப் பக்கம் பதினோரு டிஸ்பென்சரியிலயும் அதுதான். பழைய கம்ப்யூட்டர், வேற எதுவும் ஓடாது."

என் அம்மாவும் அங்கதான் மருந்து எடுக்குறாங்க என்று சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டாள்.

"தோட்டத்துக் கதையை இஞ்ச அளக்காதையும். மூண்டு மணிக்குள்ள பச்சை வரோணும். இல்லாட்டி நாளைக்கு நீர் வரத் தேவையில்லை."

அவர் போனதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மூத்த புரோகிராமர் கஜரூபன்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பழுது இருந்ததே அவன் எழுதிய பகுதியில்தான்.

"அவர் கிடக்கிறார், விடும் தங்கச்சி. காலமையில இருந்து ஒண்டும் சாப்பிடேல்லைத்தானே? போய்ச் சாப்பிட்டுட்டு வாரும். நான் பார்க்கிறன்."

அந்த அலுவலகத்தில் அவளிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

திரும்பி வந்தபோது திரையில் பெரிதாக ஒரே பச்சை: 'அனைத்தும் சரி.'

"அண்ணா! நாலு நாளா முடியாதத அரை மணியில முடிச்சிட்டீங்களே!" கும்பிடாத குறைதான்.

மறுநாள் விருந்தினர் முன்னால் கஜரூபன் பேசினான். "கடைசித் தோட்டத்துத் தொழிலாளியின் உயிரும் எங்களுக்கு முக்கியம்." முதலில் கை தட்டியவள் விஜயலெட்சுமி. மென்பொருள் அன்றே தோட்டங்களுக்குப் போனது.

எல்லோரும் தேநீருக்குப் போனதும், அண்ணன் எப்படித் தீர்த்தான் என்று கற்றுக்கொள்ளும் ஆசையில், யார் எதை மாற்றினார்கள் என்ற பதிவைத் திறந்து பார்த்தாள்.

அவனுடைய பகுதியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியிருந்தது அவளுடைய சோதனைப் பட்டியல். விண்டோஸ் இருந்தது, மேக் இருந்தது. லினக்ஸைக் காணோம்.

'தேவையற்ற சோதனை நீக்கப்பட்டது' என்று ஒரு குறிப்பு. அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அவள் மூடாமல் விட்டுப்போன கம்ப்யூட்டரிலேயே செய்திருக்கிறான்.

நீக்கியவர் பெயர்: விஜயலெட்சுமி.