டீக் கணக்கு

"இந்தாங்க, டீக்குக் காசு" என்று லாரி டிரைவர் சட்டைப் பையிலிருந்து கசங்கிய நோட்டை எடுத்துக் கல்லாவில் வைத்தார்.

கூடவே இன்னொரு லாரியை ஓட்டி வந்த மீசைக்காரருக்கு ஆச்சரியம். "என்ன தம்பி, நோட்டை நீட்டுறே? எப்பவும் போன்லதானே பணம் அனுப்புவே?"

"போன்ல அனுப்பினா வீட்டுல தெரிஞ்சுடுதுண்ணே."

"தெரிஞ்சா என்ன? டீதானே குடிக்கிறே!"

"டீதான். அதுக்கே கணக்குப் பார்க்கிறா."

டிரைவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பேங்க் கணக்கைப் போனில் பதிவு செய்தபோது, பாஸ்வேர்டெல்லாம் நமக்கு எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது என்று மனைவியிடம் கொடுத்து வைத்தவர் அவரேதான். அவளோ ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவள். வரவு செலவு விவரத்தை டவுன்லோட் பண்ணி, பிரிண்ட் எடுத்து, பென்சிலும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள்.

"போன தடவை வீட்டுக்குப் போறேன், செருப்பைக்கூடக் கழட்டலை. 'ஏழாம் தேதி மத்தியானம் எங்கே சாப்பிட்டீங்க?'ன்னு கேக்கிறா. ஆடிட்டர் தோத்தான் போங்க!"

மீசைக்காரர் சிரித்தார். "அது தேவலைப்பா. என் வீட்டுல நாளைக்குப் பத்து போன்."

"இவ போனே பண்ண மாட்டா. ரெண்டு வருஷம் முன்னாடி மலைப்பாதை வளைவுல போறப்போ போன் பண்ணினா. எடுக்கக் கையை நீட்டினேன், வண்டி தடுப்புச் சுவர்ல உரசிடுச்சு. இனிமே நான் வண்டியில போனா போனே பண்ணாதேன்னு கத்தினேன். அன்னைக்கு நிறுத்தினவதான். இருக்கேனா போனேனான்னு ஒரு வார்த்தை கிடையாது. காசு எங்கே போச்சுன்னு மட்டும் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்ப்பா."

"நீ பண்ணலாமே?"

"வண்டியை நிறுத்தினா டீ ஞாபகம் வரும், தூக்கம் வரும். போன் பண்ண எங்கே ஞாபகம் வருது?"

அதனால்தான் இந்தத் தடவை கிளம்பும்போதே ஏ.டி.எம்மில் மொத்தமாகப் பணத்தை எடுத்துவிட்டார். போக வர ரெண்டு நாள். டீ, சாப்பாடு, பஞ்சர் எல்லாம் ரொக்கம்தான். 'நல்லாத் தேடட்டும்' என்று வழியெல்லாம் ஒரு அற்ப சந்தோஷம் வேறு.

மூன்றாம் நாள் காலையில் வீட்டுக்கு வந்தார். வாசல் கதவு திறந்தே கிடந்தது. செருப்புச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஓடி வந்த மனைவி, அவரை உச்சி முதல் பாதம் வரை ஒரு முறை பார்த்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை டிரைவர் எடுத்து விட்டார். "என்ன, இந்தத் தடவை கணக்கு இடிக்குதோ?"

"குளிச்சுட்டு வாங்க. சாப்பாடு எடுத்து வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

மேஜை மேல் அந்தக் காகிதக் கட்டு இருந்தது. இன்றைக்கு இதைக் கிழித்துப் போட்டுவிடுவது என்று கையில் எடுத்தார்.

தாள் ஒவ்வொன்றிலும் வலது ஓரம் முன்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது. செலவான தொகை இருக்கிற பக்கம் அது. வெளியே தெரிந்தது தேதி, நேரம், கடைப் பெயர் மட்டும்தான். மடித்த வெற்று ஓரத்தில் பென்சிலில் குண்டு குண்டாக அவள் கையெழுத்து.

'6.40 டீ. எழுந்துட்டார்.'

'11.15 டீசல். பாதி தூரம் தாண்டியாச்சு.'

'7ஆம் தேதி மத்தியானம் ஒண்ணும் காணோம். பட்டினியோ?'

'5.50 டீ. அப்பாடா.'

டிரைவர் கடைசித் தாளைப் புரட்டினார். அதில் ஏ.டி.எம்மில் பணம் எடுத்த ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே அச்சு எதுவும் இல்லை, பென்சில் மட்டும்.

'10 மணி. இல்லை.'

'12 மணி. இல்லை.'

'3 மணி. இல்லை.'

இப்படியே அடிவரைக்கும் போனது. கடைசி வரியில், 'போன் பண்ணிடலாமா? வேண்டாம். வளைவுல இருந்தா?' என்று எழுதியிருந்தது.

தட்டோடு வந்தவள் அவர் கையில் தாளைப் பார்த்துத் தயங்கி நின்றாள்.

"தொகையை ஏன் மடிச்சு வச்சிருக்கே?" என்று மடிப்பைக் காட்டிக் கேட்டார்.

"எழுத இடம் பத்தலைங்க. அது நீங்க சம்பாதிச்ச காசு, அதைப் பார்த்து எனக்கு என்ன ஆகணும்?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தாளை மேஜை மேல் வைத்துவிட்டு அவளைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்குப் போன் பண்ண மறந்துடும். டீ மறக்காது. டீக்குப் பணம் போயிருந்தா வண்டி நிக்குதுன்னு அர்த்தம். அப்போ நீயே போன் பண்ணு. கட்டாயம் எடுப்பேன்."

அடுத்த வாரம், அதே டீக்கடை. டிரைவர் போனில் பணம் அனுப்பி ஒரு டீ குடித்தார். போனையே பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றார். பிறகு இன்னொரு டீ வாங்கி, அதற்கும் பணம் அனுப்பினார்.

"என்ன தம்பி, வந்ததும் ரெண்டு டீ?" என்றார் மீசைக்காரர்.

"ஜெராக்ஸ் கடையில கூட்டம் போலண்ணே. முதல் டீயை அவ இன்னும் பார்க்கலை."