படுக்காத சர்வர்

"இந்த சர்வரு நடுவுல படுத்துக்குமா, படுக்காதாம்மா? அத மட்டும் சொல்லு."

பஞ்சாட்சரம் மாமா மூன்றாவது முறையாகக் கேட்டார். அவர் மகள் அகிலாவின் கல்யாணத்தை, மாப்பிள்ளை அழைப்பிலிருந்து முகூர்த்தம் வரை, எல்லாரும் போனிலேயே நேரலையாகப் பார்க்க வேண்டுமாம். சம்பந்தி வீட்டு ஆசை, மறுக்க முடியாது. அதற்கு கிளவுடில் சர்வர் எடுக்கும் பொறுப்பு மருமகள் முறையாகும் கீர்த்தியின் தலையில் விழுந்தது. குடும்பத்தில் கம்ப்யூட்டர் படித்தவள் அவள் ஒருத்திதான். சொதப்பினால் பிள்ளையார்பாளையம் முழுக்க மானம் கப்பலேறிவிடும்.

"ரெண்டு வகை இருக்குது மாமா. ஒண்ணு சுமாரான வேகம், ஆனா படுக்கவே படுக்காது. இன்னொண்ணு வெல கம்மி, சும்மா பறக்கும். ஆனா இரவல் தறி மாதிரி. தறிக்குச் சொந்தக்காரன் கேட்டா பாதிப் பொடவையில எறங்கிக் குடுத்துடணும்."

"எப்ப கேப்பான்?"

"எப்ப வேணாலும்."

"மாப்ள அழைப்பு அன்னிக்கே கேப்பானா?"

"கேட்டாலும் கேப்பான்."

மாமாவின் முகம் மலர்ந்தது. "அப்ப அதையே போடு."

"ஐயோ மாமா, நம்பவே முடியாது அத!"

"வேகந்தாம்மா முக்கியம்" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

கீர்த்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேகமாவது மண்ணாவது, எல்லாம் கஞ்சத்தனம்! யாரிடமும் மூச்சு விடாமல், கைக்காசைப் போட்டு, படுக்காத சர்வரையே எடுத்தாள்.

மாப்பிள்ளை அழைப்பன்று மாமாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேளக்காரர்களை விட்டுவிட்டு அவளிடமே ஓடி ஓடி வந்தார்.

"படுத்துக்கிச்சா?"

"இல்ல மாமா, ஓடிக்கினே இருக்குது."

பாவம், மனுஷர் பயந்து சாகிறாரே என்று அவளுக்கு இரக்கமாகிவிட்டது.

மறுநாள் காலை தாலி ஏறியது. கூரத்திலும் வாலாஜாபாத்திலும் இருந்த சொந்தமெல்லாம் ஒரு நொடி தடங்கலில்லாமல் பார்த்தது. கீர்த்தி பூரித்துப்போய் போனை நீட்டிக்கொண்டு மாமாவைத் தேடி ஓடினாள்.

"மாமா, பாருங்க! எழுநூறு பேரு பாத்துக்கினு இருக்காங்க! ஒரு செகண்டு கூட நிக்கல!"

சாப்பாட்டுக் கூடத்து வாசலில் மாமா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். உள்ளே வரிசை வரிசையாக இலை போட்டிருந்தது. உட்காரத்தான் ஆளில்லை.

"நேத்து சாயங்காலமே அது படுத்துக்கினு இருந்தா, அந்த எழுநூறு பேரும் இன்னிக்கு நேர்ல வந்து சாப்ட்டுட்டுப் போயிருப்பாங்களேம்மா!"