இடது கன்னத்து மச்சம்

"மார்லீன், இதை நீங்க வரையலை."

கிளிஃபோர்ட் இப்படிச் சொன்னதும் கூடத்தில் பேச்சு நின்றது. வின்னிபெக் ஓவியர் சங்கத்தின் 'நானே நான்' கண்காட்சிக்கு அவர்தான் நடுவர். கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தைத் தானே வரைய வேண்டும். போட்டோ கூடாது. அதுதான் விதி.

"எப்படிச் சொல்றீங்க?" என்றாள் மார்லீன்.

"சுவரைப் பாருங்க. மத்தவங்க எல்லாம் வலக்கைக்காரங்க. ஆனா படத்துல அத்தனை பேரும் இடக்கையாலதான் தூரிகை பிடிச்சிருக்காங்க. கண்ணாடி அப்படித்தான் மாத்திக் காட்டும். உங்க மச்சம் இடது கன்னத்துல இருக்கு. படத்துலயும் அதே இடது கன்னத்துல எப்படி வந்துச்சு?"

"வேற யாரோ வரைஞ்சு குடுத்திருக்காங்க," என்றாள் தன் படத்தையும் மாட்டியிருந்த பெட்ரா. "யாருன்னு எனக்கும் சொல்லேன், மார்லீன். என் கழுத்துச் சுருக்கத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கறேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். வாசலோரம், கனத்த பனிக்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்த மார்லீனின் கணவர் ஆர்விலும் சேர்ந்து சிரித்தார்.

மார்லீன் பையிலிருந்து இரண்டு கண்ணாடிகளை எடுத்தாள். பாதி திறந்த புத்தகம் போல, விளிம்போடு விளிம்பு சேர்த்து மேசைமேல் நிறுத்தினாள்.

"இதுல பாருங்க, கிளிஃப்."

குனிந்தவர் திடுக்கிட்டார். வகிடு மறுபக்கம் போயிருந்தது. மூக்குகூடக் கொஞ்சம் கோணல்.

"யாருய்யா இந்த ஆளு?"

"நீங்கதான். ஒரு கண்ணாடி திருப்புறதை இன்னொண்ணு நேராக்கிடும். நாங்க தினமும் பார்க்கிற கிளிஃப் இவர்தான்."

பெட்ராவும் எட்டிப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"சரி, விதியை மீறலை. ஒத்துக்கறேன்," என்றார் கிளிஃபோர்ட். "ஆனா ஒரு கண்ணாடியே போதுமே. இவ்வளவு சிரமம் எதுக்கு?"

மார்லீன் குரலைத் தாழ்த்தினாள்.

"முதல்ல ஒரு கண்ணாடி வச்சுத்தான் வரைஞ்சேன். நான் வேலைக்குப் போற நேரத்துல ஆர்விலுக்குத் துணையா இருக்கட்டும்னு அவர் நாற்காலிக்கு எதிர்ல மாட்டினேன். அவருக்கு இப்ப ஒவ்வொண்ணா மறந்துக்கிட்டு வருது. படத்தைப் பார்த்துட்டு, நீங்க இப்ப கேட்டதையேதான் அவரும் கேட்டார். 'யாரு இது?'ன்னு."



அதற்குள் ஆர்வில் எழுந்து வந்துவிட்டார். சுவரில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், அந்தப் படத்தின் முன் நின்றார். மச்சத்தைத் தொட விரல் நீட்டினார்.

"ஐயோ, தொடக் கூடா..." என்று ஆரம்பித்தாள் பெட்ரா. கிளிஃபோர்ட் கைகாட்டி அவளை நிறுத்தினார்.

ஆர்வில் முகம் மலர்ந்தது.

"அட மார்லீன், நீ இங்கயா இருக்கே? வீடெல்லாம் உன்னைத் தேடினேனே!"